பீரோ மேல் வைத்த போன்

காரணம் இல்லாமல் லைன் விழாது. இந்தத் தொழிலில் எனக்குப் பல வருட அனுபவம். எலி கடித்த வயரைப் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் இறங்கிய ஜங்ஷன் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். மாமியார் மேல் இருந்த கோபத்தில் மருமகள் பிடுங்கிப் போட்ட பிளக்கைக்கூடப் பார்த்திருக்கிறேன். விழுந்த ஒவ்வொரு லைனுக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒரு ராத்திரியைத் தவிர.

அந்த ராத்திரி எனக்கு நிஜமாகவே நடந்தது. பக்கத்து அறையில் என் மனைவி விஜி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நல்ல நினைவோடு, காபி குடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கனவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பேய்க் கதை கேட்க ஆசைப்பட்டுத்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்குப் பயமாக இருக்கலாம். எனக்கு இதைச் சொல்லும்போது பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வருகிறது.

2006, ஜூலை மாதம். அப்போது நான் பெங்களூரில் மர்பி டவுனில் குடியிருந்தேன். ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. லீவு நாட்களில் தெரிந்தவர்கள் வீட்டில் இன்டர்நெட் கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முனிராஜ் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அலெக்சாண்டர் என்னோடு காலேஜில் படித்தவன். ஷார்ஜாவில் வேலை பார்த்தான். அவனுடைய அப்பா ஞானசேகரன் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிரேசர் டவுனில் சொந்த வீட்டில், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மாடியில் நோரா என்று ஒரு டீச்சர் குடியிருந்தார். அலெக்சின் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போன லீவில் வந்தபோது அலெக்ஸ் வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். தடித்த பைபிள் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க். அம்மா இருந்தபோது எடுத்த வீடியோ, பழைய போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். வீட்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் அதைப் பார்க்கலாம். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது. அதற்குத்தான் அவன் என்னைக் கேட்டான். வெளியிலிருந்து பார்க்கவும் வேண்டும், அதே நேரம் திருடன் எவனும் உள்ளே நுழையவும் கூடாது. நான் அந்த வேலையில் கெட்டிக்காரன். உங்கப்பா வீட்டைக் கோட்டை மாதிரி பூட்டித் தருகிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மோடத்தில் ஒரே ஒரு வழியைத் திறந்து, மற்ற எல்லாவற்றையும் அடைத்தேன். பாஸ்வேர்டு போட்டு நுழைவதையே நிறுத்திவிட்டேன், பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு சாவி ஃபைல். அந்த ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் பெட்டி உள்ளே விடாது. ஞானசேகரன் அங்கிள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே கவலை, எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்பதுதான். அலெக்சுக்கு ஒன்று, டெஸ்ட் பண்ணுவதற்காக எனக்கு ஒன்று, நாளைக்கு என்னுடையதை அழித்துவிடுவேன் என்று சொன்னேன். அவருக்கு இல்லையா என்று கேட்டார். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குச் சாவி எதற்கு என்றேன். அதைக் கேட்டு அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

சிக்கல் போனில் வந்தது.

அந்தக் காலத்து பிராட்பேண்ட் உங்களுக்கு நினைவிருக்கும். இன்டர்நெட்டும் வீட்டு டெலிபோனும் ஒரே வயரில் வரும். இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருக்கும். அது இல்லாமல் போனை மாட்டினால், யாராவது ரிசீவரை எடுத்த உடனே இன்டர்நெட் விழுந்துவிடும். வைத்தால்தான் திரும்ப வரும். அங்கிள் வீட்டு ஸ்ப்ளிட்டர் உடைந்து கிடந்தது. புதிது வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற எஸ்.பி. ரோடில் கடை கிடையாது. சரி, காலையில் வாங்கி வருகிறேன், அதுவரை போனைத் தொடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் தொட்டார். நான் டெஸ்ட்டை ஆரம்பித்துப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். போன் செத்துவிட்டதா என்று சும்மா பார்த்தாராம். மறுபடி ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை பழக்கத்தில் கை போய்விட்டதாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சுவரிலிருந்து போனைப் பிடுங்கினேன். வயரை அதைச் சுற்றிக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேல் தள்ளி வைத்தேன். சின்னப் பிள்ளைக்கு எட்டாமல் மிட்டாயை வைப்பது போலத்தான் வைத்தேன்.

அங்கிள் கோபப்படவில்லை. அண்ணாந்து பீரோவைப் பார்த்தார்.

"தம்பி, பத்து மணிக்கு மட்டும் ஒரு நிமிஷம் வேணுமே."

"ஒரு ராத்திரிதானே அங்கிள். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

எதற்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மகன் வாங்கிக் கொடுத்த மொபைல், சார்ஜ் இல்லாமல் டிவி மேல் கிடந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து, மழை வருகிறது, பார்த்துப் போ என்று சொன்னார்.

இரவு ஒன்பதே காலுக்கு என் வீட்டில் உட்கார்ந்தேன். என் சாவியைப் போட்டேன். பெட்டி உடனே திறந்தது. ஒரு பெரிய வீடியோவை இங்கே இழுத்துப் பார்க்க வேண்டும். அது முழுசாக வந்து சேர்ந்தால், ஷார்ஜாவுக்கும் வந்து சேரும். அன்றைய வேகத்துக்கு விடிய விடிய ஆகும். நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னலும் திறந்து வைத்தேன். அது விநாடிக்கு ஒரு தடவை அந்த வீட்டைக் கூப்பிட்டு 'இருக்கிறாயா' என்று கேட்கும். அந்த வீடு 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. வெளியே மழை. விஜி தூங்கப் போனாள்.

10.43.

பதில் நின்றது.

பிரேசர் டவுனில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். உடனே, மோடத்தை யுபிஎஸ்ஸில் மாட்டியது நினைவுக்கு வந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் லைன் வந்துவிட்டது. வீடியோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சரி, மழை என்று விட்டுவிட்டேன்.

11.05-க்கு மறுபடி விழுந்தது. வந்தது. 11.31. மறுபடியும்.

இந்தத் தடவை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோட்டை மாதிரி பூட்டுகிறேன் என்று சொன்னவன் நான். எவனாவது உள்ளே நுழையப் பார்க்கிறானா? பெட்டிக்குள் போய், யார் யார் வந்தார்கள் என்று பார்த்தேன். என் சாவி மட்டும்தான் இருந்தது. தட்டிப் பார்த்தவன்கூட ஒருவனும் இல்லை.

வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

பிறகு அந்தப் பெட்டி வழியாகவே மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை லைன் விழும்போதும் என்ன நடந்தது என்று அது எழுதி வைத்திருக்கும். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் அங்கிள் ரிசீவரை எடுத்தபோது என்ன எழுதியிருந்ததோ, அதேதான். அச்சு அசல். விழுந்த விதமும் அதே. திரும்பி வந்த விதமும் அதே.

கிழவர் போனை எடுத்து மாட்டிவிட்டார்.

அந்த நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அந்த உயரத்துக்கு எப்படி ஏறினார், ஸ்டூல் போட்டாரா என்று நினைத்தேன். எழுபத்திரண்டு வயசு மனிதர் ராத்திரியில் ஸ்டூல் மேல் ஏறுகிறார் என்று நினைத்தவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொல்பேச்சு கேட்காத மனிதர் என்று வாய்விட்டே திட்டினேன்.

12.02. விழுந்தது. வந்தது.

இப்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம்தான் லைன் இல்லாமல் போகிறது. ஒரு விநாடிகூட முன்னே பின்னே இல்லை. சாயங்காலம் அப்படி இல்லை. மனிதர்கள் போனை ஒரு தடவை சீக்கிரம் வைப்பார்கள், ஒரு தடவை மெதுவாக வைப்பார்கள். இது அப்படி இல்லை...

இன்னொன்றும் சரியாக இல்லை.

மோடத்தின் பக்கத்தில் லைன் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு எண் காட்டும். ஸ்ப்ளிட்டர் இல்லாமல் போனை மாட்டினால், ரிசீவரைத் தொடாமலே அந்த எண் குறைந்துவிடும். சாயங்காலம் நானே பார்த்தேன். மாட்டினால் குறைகிறது. பிடுங்கினால் ஏறுகிறது.

இப்போது எண் ஏறியே இருந்தது.

அந்த எண்ணை நம்புவதென்றால், அந்த வயரில் போன் மாட்டவில்லை.

12.27. விழுந்தது.

12.49. விழுந்தது.

காபி ஆறிப்போயிருந்தது. பக்கத்து அறையில் விஜி புரண்டு படுத்த சத்தத்துக்கே எனக்குத் தூக்கிப் போட்டது. எழுந்து போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டரை அணைத்தால் போதும். ஆனால் காலையில் அலெக்சிடம் முடிந்தது என்று சொல்ல வேண்டுமே. மெக்கானிக்குடைய பிடிவாதம் இருக்கிறதே, அது பயத்தைவிடக் கெட்டது.

மொபைலை எடுத்தேன். அங்கிள் வீட்டு லேண்ட்லைன் நம்பரைப் போட்டேன்.

1.14.

டிர்ர்ரிங்... டிர்ர்ரிங்...

திரையில் 'இருக்கிறேன்' வந்துகொண்டே இருந்தது. போன் மாட்டாத வயராக இருந்தாலும் நம் காதில் ரிங் கேட்கும். அதனால் ரிங் கேட்பதில் ஒன்றும் இல்லை. எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ரிங். நான்காவது. ஐந்தாவது...

நின்றது.

திரையிலும் நின்றது.

அதே விநாடி.

யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"அங்கிள்?"

ஸ்ஸ்ஸ்ஸ்... என்று ஒரு இரைச்சல். ஸ்ப்ளிட்டர் இல்லாத போனில் அந்த இரைச்சல் கேட்கும், எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் காது கொடுத்துக் கேட்டேன். மூச்சு இல்லை. மழைச் சத்தம் இல்லை. என் ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அந்த வீட்டில் இல்லாமல் எப்படிப் போகும்?

ஸ்ஸ்ஸ்ஸ்...

யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

பயத்தில் எனக்குக் கோபம் வரும். அது என் குணம்.

"அங்கிள், லைன் கட்டாவுது. காலைல வரைக்கும் போனைத் தொடாதீங்க, ப்ளீஸ்."

ஸ்ஸ்ஸ்ஸ்...

பிறகு ஒரு சின்ன சத்தம்.

டக்.

ரிசீவரை வைத்த சத்தம். யாருக்கும் தொந்தரவு இல்லாமல், மெதுவாக, பார்த்து வைத்த சத்தம்.

திரையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

அதன் பிறகு விடியும் வரை லைன் ஒரு தடவைகூட விழவில்லை.

வீடியோ முழுசாக வந்து சேர்ந்தது.

காலையில் வெளிச்சம் வந்ததும் பயம் போய்விட்டது. பாவம், பெரியவரை ராத்திரி ஒரு மணிக்கு அதட்டிவிட்டோமே என்று உறுத்தியது. என் வீட்டுச் சுவரில் இருந்த ஸ்ப்ளிட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினேன். அதை முந்தின நாளே செய்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தோன்றியது. என் வீட்டு லைனைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பெல் அடித்தேன். கதவைத் தட்டினேன். வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. மாடியிலிருந்து நோரா டீச்சர் எட்டிப் பார்த்தார். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. திறந்தோம்.

அங்கிள் பீரோவுக்குக் கீழே கிடந்தார். கண்ணாடி போட்டபடி. ஸ்டூல் கவிழ்ந்து கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்திருந்தார்.

நோரா டீச்சர் அவரை மட்டும்தான் பார்த்தார். "ஜீசஸ்" என்று சொன்னார். வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த தெரு டாக்டரைக் கூட்டிவர ஓடினார்.

நான் அண்ணாந்து பார்த்தேன்.

போன் பீரோ மேல் இருந்தது.

நான் தள்ளி வைத்த அதே இடத்தில். வயர் நான் சுற்றியபடியே. ரப்பர் பேண்ட் நான் போட்டபடியே. அவர் கை அதுவரைக்கும் போகவேயில்லை.

சுவரில் போன் சாக்கெட் காலியாக இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஸ்டூலை எடுத்து அதன் மேல் ஏறினேன். போனை இறக்கினேன். ரப்பர் பேண்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். ஸ்ப்ளிட்டரைச் சரியாக மாட்டி, போனை அதில் செருகி, எப்போதும் இருக்கும் சின்ன மேஜையில் வைத்தேன். ஸ்டூலைச் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டேன். செருப்பை அவர் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். டாக்டர் வந்தபோது, தலை சுற்றி விழுந்த ஒரு வயசான மனிதர் தரையில் கிடந்தார். அவ்வளவுதான். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலையிலேயே வந்து பார்த்தானே, நல்ல பையன் என்று நோரா டீச்சர் எல்லோரிடமும் சொன்னார்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விழுந்த வேகத்தில் எலும்பு முறிந்திருக்கிறது, உடனே போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். நேரம் கேட்டேன். பத்து மணி வாக்கில் என்றார். ஒரு மணிக்கு உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு உண்டா என்று நான் திரும்பக் கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சான்ஸே இல்லப்பா. உடம்பப் பாத்தாலே தெரியுது."

ஒன்றேகாலுக்கு என்னோடு அந்த இரைச்சலில் இருந்தது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அலெக்ஸ் மறுநாள் இரவு வந்து சேர்ந்தான். புதன்கிழமை அடக்கம். கல்லறையில் மண் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கடைசியில் நானும் அவனும் மட்டும் ஹாலில் இருந்தோம். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவன் பேச ஆரம்பித்தான்.

அம்மா போன நாளிலிருந்து அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு இருந்ததாம். தினமும் பத்து மணிக்கு அப்பா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு ரிங், அவ்வளவுதான். அவன் எடுக்க மாட்டான். அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு நாள் அது வரவில்லை என்றால், உடனே நோரா டீச்சருக்குப் போன் போட்டு கீழே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது வராமல் இருந்ததில்லையாம்.

அப்படியானால் அன்றைக்கு வந்திருக்காது. போன் பீரோ மேல் இருந்தது. வராமல் போயிருந்தால் இவன் டீச்சரைக் கூப்பிட்டிருப்பான். டீச்சர் கீழே வந்திருப்பார். ஏன் வரவில்லை?

"ஞாயித்துக்கெழமை..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"பத்துக்கு வரலடா. முக்கால் மணி நேரம் பாத்தேன். நோரா ஆன்ட்டி நம்பர எடுத்துட்டேன். அப்பதான் வந்துச்சு."

"எது?"

"மிஸ்டு கால்தான். வீட்டு நம்பர். ரெண்டு ரிங், எப்பவும் மாதிரி."

அந்த ஹாலில் கரண்ட் இருந்தது, விளக்கு எரிந்தது, தெருவில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதுகு முழுக்கச் சில்லிட்டுப் போனது.

அதோடு நிற்கவில்லையாம். விட்டு விட்டு வந்துகொண்டே இருந்ததாம். அவன் திருப்பி அடித்தால் ரிங் மட்டும் போகிறது, யாரும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, கூப்பிடுகிறார் என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டதாம். இன்னும் ஒரு தடவை வந்தால் டீச்சரை எழுப்பிவிடுவது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

"அப்புறம் வரவேயில்லடா. சரி, தூங்கிட்டாருன்னு நானும் படுத்துட்டேன்."

கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் நேரத்தில் பதினொன்று இருபது இருக்கும் என்றான். நம் ஊரில் அது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால்.

அதற்குப் பிறகு அந்த வயரில் இன்னும் ஒரே ஒரு தடவை ரிசீவர் எடுக்கப்பட்டது. அது எனக்காக.

அலெக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். ஏன் நின்றுபோனது என்று மட்டும் தெரிந்தால் போதும், மனசு ஆறிவிடும் என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. போனைத் தொடாதீர்கள் என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.